ஒரே ஒரு கறுப்புக் கட்டை

வாரத்தில் ஆறு நாள் மரியசெல்வம் வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லில் ஃபிட்டர். காலை ஆறேகாலுக்கு மில் பஸ்ஸில் ஏறினால் உடம்பெல்லாம் பஞ்சுத் தூசியோடு சாயங்காலம் திண்டுக்கல்லில் இறங்குவார். ஏழாம் நாள் அவர் மாஸ்டர். பங்குக் கோயிலில் இருபத்திரண்டு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறார். கல்யாணம், புதுநன்மை, மாதா கெபித் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் கீபோர்டைப் பைக்கில் கட்டிக்கொண்டு போய்விடுவார். யாரிடம் படித்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் யாராவது மாஸ்டர் என்று கூப்பிட்டால் கழுத்து ஒரு விரற்கடை நிமிரும். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

அந்த மாஸ்டர் பட்டத்துக்குள் ஒரு முழுப் பூசணிக்காய் ஒளிந்திருந்தது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பட்டன் உண்டு. பாடுகிறவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் அந்தப் பட்டனை அமுக்கி எண்ணை மாற்றிவிட்டால் போதும், விரல் பழகிய வெள்ளைக் கட்டைகளிலேயே ஓட்டிவிடலாம். அவருடைய மனைவி ஜோஸ்பின்தான் பாடகர் குழுவில் முதல் குரல். அவளுக்கு ஐந்தரைக் கட்டைச் சுருதி. நேர்மையாக வாசித்தால் கறுப்புக் கட்டைகளில் விரல் ஏறி ஏறி இறங்க வேண்டும். மரியசெல்வம் பட்டனை நான்கு தரம் அமுக்குவார், எண் தெரியும் இடத்தின் மேல் பாட்டுப் புத்தகத்தைச் சாய்த்து வைப்பார், ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குவார். இடது கை மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கிச் சும்மா கார்டு பிடிக்கும். தாளத்தை மெஷினே பார்த்துக்கொள்ளும். இந்த ரகசியம் தனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இப்படியிருக்கையில் ஆகஸ்டு மாதம் கொடைக்கானலிலிருந்து ஒரு பியானோ வந்து இறங்கியது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம் அதைப் பங்குப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டது. பங்குப் பேரவையில் இருந்த ஞானதாஸ் எதையும் முதலில் அறிவித்துவிட்டு அப்புறம் யோசிக்கிறவர். திருப்பலி முடிந்ததும் மைக்கைப் பிடித்து, நவம்பரில் இசைக்காரர்களின் பாதுகாவலி புனித செசிலியா திருநாளன்று பள்ளி அரங்கில் நம்ம மாஸ்டர் பியானோவில் கிளாசிக்கல் வாசிப்பார் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மரியசெல்வம் தலையை ஆட்டினார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

மறுநாள் சாயங்காலம் அரங்கில் யாருமில்லாதபோது போய்ப் பியானோவின் மூடியைத் திறந்தார். கை தானாக மேலே போய்த் தேடியது. அங்கே மரம்தான் இருந்தது. இடது ஓரம், வலது ஓரம், குனிந்து அடியில்கூடப் பார்த்தார்.

"சார், என்ன தேடுறீங்க?"

வாசலில் சுகன்யா நின்றாள். சென்னையில் படித்துவிட்டு வந்து, இந்தப் பியானோ வருவதற்கு முன்பிருந்தே அந்தப் பள்ளியில் சாயங்காலங்களில் ஒரு கீபோர்டை வைத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தரும் பெண். இருபத்தேழு வயது இருக்கும்.

"சும்மா, சுவிட்சு எங்கன்னு பாத்தேன் மிஸ்" என்றார்.

பியானோவுக்குச் சுவிட்சு கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவள்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

அடுத்த வாரம் பதினொரு பக்கக் காகிதத்தோடு போனார். மொபைலில் கேட்டுக் கேட்டு அவரே தேர்ந்தெடுத்த ஒரு பியானோ இசைத் துண்டு. கமர்ஜஹான் அக்காவின் ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரதி. காகிதத்தில் எழுதிய இசைக்குறிப்பு அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆனால் அந்தத் துண்டு மெதுவாகப் போகிறது, வேகமில்லாததால் சுலபமாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

சுகன்யா பக்கங்களைப் புரட்டி ஏழாம் பக்கத்தில் நிறுத்தினாள். "சார், இந்த ரெண்டு வரிய மட்டும் இப்ப வாசிங்க. எம்புட்டு மெதுவா வேணாலும் போங்க."

"மொதல்ல இருந்து வாரேனே."

"மொத வரிய எல்லாரும் வாசிச்சிருவாங்க. ஒரு துண்டு நமக்கு ஆகுமா ஆகாதான்னு அதுல இருக்க கஷ்டமான எடந்தான் சொல்லும். அத இன்னைக்கு நிறுத்தி நிறுத்தியாவது வாசிக்க முடிஞ்சா எடுத்துக்கலாம். முடியலன்னா இப்ப வேணாம், அடுத்த வருசம் பாப்போம்."

அவர் முயன்றார். வலது கை ஒரு பக்கம் போனால் இடது கை பின்னாலேயே போனது. நான்கு கறுப்புக் கட்டைகளைத் தாண்டி ஐந்தாவதில் விரல் சிக்கிக்கொண்டது. மெதுவான துண்டில் ஒவ்வொரு தப்பும் தனியாக நின்று கேட்டது. ஒளிந்துகொள்ள ஒரு தாளச் சத்தம்கூட இல்லை. வியர்த்துவிட்டது அவருக்கு.

அவள் அலமாரியிலிருந்து ஒற்றைக் காகிதம் ஒன்றை எடுத்து வைத்தாள். ஒரே பக்கம். மூன்று எண்ணிக்கையில் நடக்கும் பழைய நடன மெட்டு. "இதுல வலது கை அஞ்சு விரலுக்குள்ளயே பெரும்பாலும் அடங்கிரும். இடது கைக்குன்னு தனியா ஒரு பாட்டு இருக்கு, கார்டு இல்ல. கறுப்புக் கட்ட ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு இது சரியா இருக்கும் சார்."

"இது யாரு வாசிக்கிறது?"

"பியானோ பரீட்சையில முதல் கிரேடு எடுக்கிற பிள்ளைங்க. மூணாங்கிளாஸ் பசங்க."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வெட்கம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதை மாஸ்டர் வாசித்தால் அப்புறம் மாஸ்டர் எங்கே இருப்பார்? காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பதினொரு பக்கத்தையும் விடவில்லை.

இரண்டு மாதம் இரண்டையும் பழகினார். பெரிய துண்டின் முதல் இரண்டு பக்கத்தை மனப்பாடம் செய்து, நடுவில் எதையாவது நிரவி, கடைசி வரியில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு திட்டம். கூட்டத்தில் சுகன்யாவைத் தவிர யாருக்குத் தெரியப்போகிறது? சின்னத் துண்டைச் சும்மா ஒரு துணைக்கு வைத்துக்கொண்டார். ஆனால் மில் பஸ்ஸில் சோற்று டப்பாவின் மேல் விரல் தட்டும்போது தன்னையறியாமல் அந்த ஒற்றைக் காகிதமே வந்தது. இடது கை தனக்கென்று ஒரு பாட்டைப் பாடுவதை முதல்முறையாகக் கவனித்தார். இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்த ஒருவர் திடீரென்று பேசத் தொடங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

நவம்பர் முதல் வாரம் மில்லில் ஒரு கூத்து நடந்தது. முப்பதாம் நம்பர் நூலுக்கு வந்திருந்த பஞ்சை நாற்பதுக்கு ஓட்டச் சொன்னார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். குட்டை இழைப் பஞ்சு அதைத் தாங்காது. வேலை தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? காலையிலிருந்து நூல் அறுந்துகொண்டே இருந்தது. மணிமேகலை என்ற பெண் ஒட்டி ஒட்டிக் கை ஓய்ந்துபோய் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, மெஷின்ல என்னத்தப் பாக்குறீங்க? மெஷினு நல்லாத்தான் இருக்கு. முப்பதுக்கு ஓட்டுனா இதே பஞ்சு அம்புட்டு அழகா ஓடும். நம்பர மாத்தச் சொல்லுங்க."

அவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மெஷினைச் சரிபார்க்க வந்த மனிதருக்குத் தன் பையில் இருக்கும் பதினொரு பக்கம் நினைவுக்கு வந்தது. பஞ்சைக் குறை சொல்லி என்ன பண்ண? முப்பதாம் நம்பர் நூலில் நெய்த வேட்டியைத்தான் அவர் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிறார். அது கிழிந்தா போயிற்று? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று ஆயிரம் தரம் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். விரலை வைத்துப் பிழைக்கிற தனக்கு ஒரு தரம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனார். திருநாள் நிகழ்ச்சி நிரல் அங்கேதான் அச்சாகிறது. கமர்ஜஹான் அக்கா கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். முதலில் பிள்ளைகளின் வரிசை, முதல் கிரேடிலிருந்து மேலே. எல்லாவற்றுக்கும் கடைசியில் தடித்த எழுத்தில்: சிறப்பு நிகழ்ச்சி, பியானோ இசை, மாஸ்டர் மரியசெல்வம்.

"அக்கா, என் பேரத் தூக்கி மேல போடுங்க."

"எங்க மேல?"

"மொத ஆளா. முதல் கிரேடு பிள்ளைங்களுக்கு முன்னாடி. அந்த 'சிறப்பு'ங்கறத எடுத்துருங்க. மாஸ்டர்ங்கறதையும்."

கமர்ஜஹான் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "மாஸ்டர எடுத்துட்டு என்னத்தப் போட?"

கொஞ்சம் யோசித்தார். "மாணவர்னு போடுங்க."

"ஞானதாஸ் ஐயா என்னையில்ல கேப்பாரு?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தவர், "மா அப்படியே இருக்கட்டும், மிச்சத்த மாத்துனாப் போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திருநாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. நிரலைப் பார்த்தவர்கள் அச்சுப் பிழை என்று பேசிக்கொண்டார்கள். மரியசெல்வம் போய் உட்கார்ந்தார். முதல் வரி ஒழுங்காகப் போனது. இரண்டாம் வரியில் அந்தக் கறுப்புக் கட்டை வரும் இடத்தில் விரல் பழக்க தோஷத்தில் வெள்ளையில் விழுந்தது. கோயிலாக இருந்தால் ஒரு பெரிய கார்டைப் போட்டு மூடியிருப்பார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இங்கே கையை எடுத்தார். ஒரு மூச்சு விட்டுவிட்டு அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனார். இம்முறை கறுப்புக் கட்டையில் விரல் சரியாக உட்கார்ந்தது. முன்வரிசையில் அதே துண்டைப் பழகிய பிள்ளைகள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. முடிந்துவிட்டதா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. இறங்கி வந்தவரை ஞானதாஸ் மறித்தார்.

"என்ன மாஸ்டர், அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்ணே. இப்பத்தான படிக்கிறேன்."

ஞானதாஸ் அவர் தோளைத் தட்டிவிட்டு மைக்கைத் தேடிப் போனார்.

வீட்டுக்குப் போகும்போது ஜோஸ்பின் பைக்கின் பின்னால் ஒன்றும் பேசாமல் வந்தாள். ஊர் என்ன சொன்னாலும் தாங்கிவிடலாம். இவளுக்குத் தலைகுனிவாகிவிட்டதோ என்பதுதான் பயம். நத்தம் ரோட்டுத் திருப்பத்தில் லாரிக்காக நின்றபோது கேட்டேவிட்டார்.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

"என்னத்தச் சொல்ல? இருபத்திரெண்டு வருசமா என் பாட்டுக்கு வாசிச்சீங்க. நீங்க வாசிச்சு நான் கேட்டது இன்னைக்குத்தான்."

லாரி போய்விட்டது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி பேசினாள். "வர்ற ஞாயித்துக்கெழம ஒரு பாட்டாவது அந்தப் பட்டன அமுக்காம வாசிக்கிறீங்களா? நான் வேணா சுருதிய எறக்கிப் பாடுறேன்."

அவருக்குக் காது சுட்டது. "எந்தப் பட்டன்?"

"ஆமா, பாட்டுப் புத்தகத்த அந்த எடத்துல எதுக்குச் சாச்சு வைக்கிறீங்கன்னு பக்கத்துல நிக்கிறவளுக்குத் தெரியாது பாருங்க."

வீட்டுச் சந்தில் திரும்பும்போதுதான் மரியசெல்வம் சொன்னார்.

"சரி. ஒரே ஒரு கறுப்புக் கட்ட வர்ற பாட்டாப் பாத்து எடு."