வெள்ளையடித்த விரிசல்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் ஒன்று. கோவில்பட்டிக்கு அருகே என் மகள் படித்த தனியார் பள்ளியின் ஆறாம் வகுப்பறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. கோடையில் கரிசல் பிளக்கும்போது அகலும். மழையில் மண் உப்பும்போது சுருங்கும். பிள்ளைகள் அதற்குள் சாக்பீஸ் துண்டுகளைத் திணித்து விளையாடுவார்கள். என் மகளின் பெஞ்சு அதன் அடியில்தான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எனக்குத் தெரிந்த பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் ஒருவரிடம் மன்றாடினேன். சுவரைப் பல கோணங்களில் போட்டோ எடுத்து, அதிலிருந்து கம்ப்யூட்டரில் கட்டடத்தின் முப்பரிமாண உருவத்தை உண்டாக்கி, எங்கே எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்று கணக்கிடுவது அந்த அம்மாவின் ஆராய்ச்சி. வருவதாகச் சொன்னார். நானே போய்ப் பள்ளித் தாளாளரிடம் தெரிவித்தேன்.

சொன்ன நாளில் அவரை அழைத்துக்கொண்டு போனேன். சுவர் பளீரென்றிருந்தது. விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதன் முன்னால் பிள்ளைகள் பவுடர் முகமும் கனகாம்பரமுமாக வரிசையில் நின்றார்கள். என் மகளும் நின்றாள்.

"என்ன சார் இது?" என்றேன்.

"போட்டோ புடிக்க வாராவன்னு நீங்கதான சொன்னிய? அசிங்கத்தையா காட்டச் சொல்லுதிய?" தாளாளர் சிரித்தார்.

விரிவுரையாளர் சுவரைத் தடவினார். "ஒரு படத்துல இருக்க புள்ளிய இன்னொரு படத்துல அடையாளம் கண்டாத்தான் கணக்கு வரும். முழுக்க வெள்ளையா இருந்தா கம்ப்யூட்டர் எதைப் பிடிச்சிக்கும்? அதவிட, விரிசலே தெரியலையே. சுரண்டணும் சார்."

"ஆண்டுவிழா முடியட்டும், சுரண்டுவோம். இப்ப என்ன, இடிஞ்சா விழுந்துட்டு?"

பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். மூலையில் கிடந்த கொத்தனார் கரண்டியை எடுத்துக் குத்தினேன். அடைத்த சிமெண்ட் கட்டியாகப் பெயர்ந்து, என் மகளின் பெஞ்சு மேல் விழுந்தது. ஓட்டை வழியே வெளியில் வெயிலில் நின்ற ஆடு தெரிந்தது. அந்த வெளிச்சம் இன்றும் கண்ணை மூடினால் வருகிறது.

பிள்ளைகளை வெளியே அனுப்பினோம். சுண்ணாம்பைச் சுரண்டி, சுவர் முழுக்கக் கறுப்புப் பொட்டு வைத்த காகிதங்களை ஒட்டி, விரிவுரையாளர் படமெடுத்தார். தாளாளர் தன் செருப்பில் தூசி படாமல் தள்ளி நின்றார். மறுநாளே பெஞ்சைத் துடைத்துப் பிள்ளைகளை அதே அறையில் உட்கார வைத்தார். நான் மகளை அனுப்பவில்லை.

சில வாரம் கழித்துக் கல்லூரியில் எனக்கும் தாளாளருக்கும் அந்த முப்பரிமாண உருவத்தைத் திரையில் காட்டினார் விரிவுரையாளர். சுவர் வெளிப்பக்கம் தொந்திபோலப் பிதுங்கியிருந்தது. பாரம் தாங்காத இடமெல்லாம் சிவப்பு. மகளின் பெஞ்சுக்கு மேலேயும் சிவப்பு.

தாளாளர் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இந்தச் சிவப்பக் கொஞ்சம் கொறச்சிப் போட முடியாதா? பச்சையா வந்தா பெத்தவங்களுக்கும் நிம்மதி."

"கலர மாத்தலாம் சார். சுவரு மாறாது. ரூமப் பூட்டுங்கன்னுதான் எழுதித் தருவேன்."

"பூட்டிட்டுப் பிள்ளைகள ஒங்க வீட்லயா உக்கார வைக்க?"

தாளாளர் பக்கத்தில் இன்னொரு நிமிடம் நிற்க முடியவில்லை. பஸ் பிடித்து நேரே பள்ளிக்குப் போனேன். ஆறாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் கேட்காமல், சுவரோரப் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தேன்.

"எங்க சார் கொண்டு போறிய?" என்றார் டீச்சர்.

"வெளிய."

அவர் சுவரைப் பார்த்தார். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார்.