ஒன்றாம் வகுப்பு காதர் சார்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தலைமையாசிரியை கைப்பேசியில் அழைத்தார். "காதர் சார் போயிட்டாராம்மா" என்றவர் உடனே வைத்துவிட்டார். மாரடைப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், "திங்கக்கிழமை பாப்போம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு விருதுநகர் பஸ்ஸுக்குப் போனவர்.

எங்கள் வட்டாரத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பெண்கள், மேல் வகுப்புகளுக்கு ஆண்கள் என்பது எழுதாத ஏற்பாடு. நாரணாபுரத்துப் பக்கம் எங்கள் தொடக்கப் பள்ளியிலும் ஆசிரியர்கள் எல்லோரும் பெண்கள். மாற்றலில் வந்த காதர் சார் ஒன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் அவரையும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள். அவர் திருத்தவே இல்லை.

முதல் வாரமே அவர் வகுப்புப் பிள்ளை முத்துலட்சுமியின் அப்பா வந்துவிட்டார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "பொட்டப்பிள்ளைய ஆம்பள வாத்தியார்கிட்ட விட மாட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. காதர் சாருக்கு வரவில்லை. "நீங்க பயப்படுறது நியாயந்தான். இன்னைக்கு எங்ககூட உக்காந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார். வகுப்பு வாசலில் மதியம்வரை உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து போனார். மறுநாளும் முத்துலட்சுமி அதே வகுப்புக்குத்தான் வந்தாள்.

உயர்நிலைப் பள்ளிக்குப் பதவி உயர்வு வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன் பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார். "பொம்பளைக பாக்குற வேலைய விட மாட்டேங்கிறியே, வெளிய தல காட்ட முடியல." காதர் சார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பட்டாசு சீசன்ல அப்பன் மொகத்தையே பாக்காத பிள்ளைக டீச்சர். அடிக்காம, கத்தாம ஒரு ஆம்பள இருப்பான்னு இதுக எங்கன போய்த் தெரிஞ்சுக்கும்?"

அடக்கத்துக்கு எடுத்தபோது, வழக்கப்படி பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டோம். கூட வேலை பார்த்த ஒருவர்கூட அவரோடு கபர்ஸ்தான்வரை போக முடியவில்லை. திரும்பி வந்த அண்ணன் எங்கள் முன்னால் வந்து நின்றார். "இனி அந்தப் பிள்ளைகள யாரு பாப்பாக?" என்று கேட்டு உடைந்து அழுதார்.

நான் பார்க்கிறேன் என்றேன்.

"பிள்ளை அழுதா ஏன்னு கேக்காதீக, மொதல்ல பக்கத்துல உக்காருங்க" என்பார் காதர் சார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை ஒன்றாம் வகுப்புக்குள் போனேன். ஒரு பிள்ளை "டீச்சர் எங்க?" என்று கேட்டு அழ, மற்றதுகளும் அழ ஆரம்பித்தன. நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் அவர்கள் நடுவே உட்கார்ந்தேன்.