பிள்ளைக் காப்புக்கு வைத்த ஈயம்

தாராவிப் பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நகை பற்றவைப்பவன் சுடலை. வருகிறவர்கள் எல்லாம் அவனையே கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அவன் டீ குடிக்கப் போயிருந்தான். ஒரு பெண் தன் குழந்தையின் உடைந்த செப்புக் காப்போடு வந்து, "சுடலை அண்ணன் இல்லியா?" என்றாள். அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று, ரேடியோ பற்றவைக்கும் ஈயக் கம்பியால் ஒட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அவனிடம் பெருமையாகச் சொன்னதும், கம்பியைப் பார்த்துப் பதறினான். "ஏலே, பிள்ள வாயில வச்சி சப்புமேல! ஈயம் விஷம்லா?"

சயான் ஸ்டேஷன் வரை ஓடி அவளைக் கூட்டிவந்தான். "தப்பான கம்பிய எடுத்து வச்சிட்டு டீக்குப் போனது நாந்தாம்மா" என்றான். ஈயம் பட்ட இடத்தை வெட்டியெறிந்து, புதுச் செம்புத் துண்டு சேர்த்து, வெள்ளி கலந்த பொடியால் பற்றவைத்தான்.

என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவன் மேல் அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. குழந்தையின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.