அணைத்து வைத்த காவல் விளக்கு

அரூரிலிருந்து சித்தேரி போகும் வழியில், ஒரு குச்சிக்கிழங்குக் கொல்லை ஓரமாக டெலஸ்கோப்பை நிறுத்தியிருக்கிறேன். வானத்தில் குதிரைத் தலை போலத் தெரியும் மங்கலான வாயு மேகம், நெபுலா ஒன்றைப் படம்பிடிக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் கேமரா திறந்திருக்கும். பக்கத்தில் வெளிச்சம் வந்தால் அந்தப் படம் வீண். கொல்லைக்காரம்மா மாதம்மாவிடம் சொன்னதும், காட்டுப்பன்றியை விரட்டப் போட்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தட்டி விரட்டத் தகர டின்னோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தாவது படம் ஓடும்போதுதான் எனக்கு உறைக்கிறது. இவ்வளவு நேரமாக டின் சத்தமே கேட்கவில்லை.

“ஏம்மா, நீங்க டின்னைத் தட்டவே இல்லையே?”

“தட்டுனா படம் ஆடிருமுங்களே. கிட்ட நடந்தாலே ஆடும்னு நீங்கதான சொன்னீங்க.”

“அவ்வளவு தூரத்துச் சத்தத்துக்கெல்லாம் ஆடாதும்மா.”

அவர் டின்னைக் கையில் எடுப்பதற்குள் கொல்லையின் மறுகோடியில் செடிகள் மடமடவென்று முறிகின்றன. பன்றி இறங்கிவிட்டது.

இந்தப் படம் முடிய இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. நான் ஓடிப்போய் விளக்கைப் போடுகிறேன்.

டின்னைத் தட்டிக்கொண்டே ஓடும் மாதம்மா வெளிச்சத்தைக் கண்டு திரும்பிப் பார்க்கிறார்.

“ஏங்க போட்டீங்க? படம் வீணாப் போயிருமேங்க.”