வானத்துக்குப் போட்ட தகரம்

என்னைப் போல் ஒரு முட்டாளைச் செனாய் ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சாமிக்கு உதவி செய்கிறேன் என்று போய்ச் சாமியையே மறைத்தவன் நான்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வியட்நாம் பெண் வேலை செய்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியை மறைக்கும் தொப்பி, நம் ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். தொழிலாளர் விடுதி வாசலில் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் சின்னப் பலகை அடித்திருந்தார். தினமும் காலையில் அதில் ஊதுபத்தி ஏற்றி, அண்ணாந்து பார்த்துப் பேசுவார்.

ஊரில் அவர் மகளுக்கு இதய ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் என் மனம் இளகிவிட்டது. பாவம், சாமி மழையில் நனைகிறதே! மரத்தடியில் சூலம் நட்டாலே மறுவாரம் கூரை போடுகிற கூட்டம் அல்லவா நாம்? ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் நாலு கால் நட்டு நீலத் தகரம் போட்டேன்.

காலையில் அதைப் பார்த்தவரின் கையிலிருந்து பத்தி நழுவியது.

“அண்ணே, இது யாரு செஞ்சது?”

“நான்தான்லா! இனிமே உங்க சாமி நனையாது.”

“சாமி பலகையில இல்லண்ணே. வானம்தான் சாமி. எங்க பாஷையில ஓங் த்ரோய். இன்னிக்குப் போயி மூடிட்டீங்களே!”

அலமாக்! என்ன காரியம் செய்துவிட்டேன்! ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி, விரலில் ரத்தம் வர ஆணிகளைப் பிடுங்கினேன். தகரம் கீழே விழுந்த பிறகுதான் அவர் அண்ணாந்தார். வெகுநேரம் பேசினார்.

மகள் கண் விழித்துவிட்டாள் என்று மாலையில் போன் வந்தது. அதன் பிறகே எனக்கு மூச்சு வந்தது. மெல்லக் கேட்டேன்.

“என்னைப் பத்தி உங்க சாமிகிட்ட என்ன சொன்னீங்க?”

“சொல்லல. அவரே பாத்தாரு.”