இரண்டு மணி என்று சொன்னேன்

காலை பத்தேகாலுக்கு நடந்ததை, மதியம் இரண்டு மணிக்கு நடந்ததாக ஒரு டாக்டரிடம் பொய் சொன்னேன். அதை நம்பி அவர் ஓர் ஊசி போட்டார். மறுநாள் காலையில் ஒரு மனிதருக்குப் பேச்சு போயிருந்தது.

அந்தப் பொய்யால்தான் போயிற்றா? தெரியாது... யாரிடமும் நான் கேட்டதில்லை. கேட்டால், நீ ஏன் இதைக் கேட்கிறாய் என்று அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்பார்களே!

இரண்டு வருடமாக இதை மனசுக்குள் வைத்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியோடு போட்ட சண்டையைச் சொன்னேன். பெரிய வெள்ளியன்று ஒருசந்தி நோன்பு இருக்காததைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. எங்கள் சாமியாருக்கு என் குரல் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. கணவர் கப்பலில் வேலை; எட்டு மாதம் கடல், நாலு மாதம் வீடு. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். கீழே நான் ஒருத்திதான். மாடியில் இரண்டு அறை கட்டியிருந்தோம். மாநகராட்சிக்குப் பிளான் காட்டாமல் கட்டியது. வீட்டுத் தீர்வை ரசீதில் அந்த மாடியே கிடையாது. தெருவில் பாதி வீடு அப்படித்தான். ஒருவருக்கும் அதனால் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அது நெஞ்சில் முள். கணவர் ஊரில் இல்லாத நாளில் யாராவது அளவுநாடாவோடு வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?

அந்த மாடிக்குத்தான் அருளப்பு அண்ணன் வந்தார்.

மன்னாரில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் கனடாவுக்குப் போய், அந்த நாட்டுக் குடிமகனாகி, முப்பது வருடம் ஒரு பிஸ்கட் ஃபாக்டரியில் நின்றவர். மனைவி இறந்த பிறகு, தமிழ் காதில் விழுகிற ஒரு கடற்கரையில் மிச்ச நாளைக் கழிக்க ஆசைப்பட்டார். முதலில் அவர் வந்தது வீடு வாங்க.

“பத்திர ஆபீசில போய்க் கேட்டனான் தங்கச்சி. வெளிநாட்டுப் பாஸ்போட்காரன் இங்க வீடு, காணி ஒண்டும் லேசில வாங்கேலாதாம். தங்கட பேரில வாங்கித் தாறம் எண்டு ரெண்டு புரோக்கர்மார் நிண்டவங்கள். களவாச் செய்ய எனக்கு விருப்பமில்ல. வாடகைக்கே இருப்பம்.”

வாடகைக்கும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ‘சிலோன்காரரா? நாளைக்கு ஸ்டேஷனுக்கு யாரு அலையுதது?’ என்று எட்டு வீட்டில் கதவைச் சாத்தினார்களாம். ஒன்பதாவது வீடு என்னுடையது. களவாகச் செய்யமாட்டேன் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் சாவியைக் கொடுத்தேன். யோசித்துப் பாருங்கள்... அவருடைய நேர்மையை நம்பித்தான் கொடுத்தேன்!

வெளிநாட்டார் ஒருவரைக் குடிவைத்தால், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் ‘சி’ ஃபார்ம் பதிய வேண்டும். இதை எனக்குச் சொன்னவரே அவர்தான். அன்று மாலையே கம்ப்யூட்டரைத் திறந்தேன். வீட்டுப் பத்திரம் கேட்டது. தீர்வை ரசீது கேட்டது. மாடியே இல்லாத ரசீதை எப்படி ஏற்றுவது? மூடிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் மூடினேன்.

மூன்றாம் நாள் படியிறங்கி வந்து கேட்டார்.

“ஃபோம் போட்டாச்சோ தங்கச்சி?”

“போட்டாச்சு அண்ணே.”

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையில் எல்லாம் தொடங்கிற்று.

ஏழு மாதம் இருந்தார். இடையில் ஒரு முறை கொழும்புக்குப் போய்த் திரும்பினார். அப்போதும் கேட்டார், அப்போதும் ‘போட்டாச்சு’ என்றேன். காலையில் மீன் வாங்கப் போவார். சொதி வைத்தால் முதல் கிண்ணம் எனக்கு. எங்கள் ஊர் முந்திரி மக்ரூனைக் கடித்துவிட்டு, “தேங்காய் இல்லாத மக்ரூனோ!” என்று கடைக்காரரோடு வழக்காடி, பிறகு அதற்கே அடிமையானார். மாலையானால் மொட்டைமாடியில் நின்று டொரண்டோவில் இருக்கும் மகள் நிரோஜாவோடு வீடியோவில் பேசுவார். அவர் உரக்கப் பேசப் பேச நான் தெருவை எட்டி எட்டிப் பார்ப்பேன். இந்தப் பேச்சு நம் ஊர்ப் பேச்சு இல்லையே, தெருவில் யார் காதிலாவது விழுமே என்று... ஒரு ஜீப் தெருவுக்குள் திரும்பினால் போதும், உலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தம்ளர் கீழே விழுந்து உடைந்தது. திரும்பிப் பார்த்தேன். வலது கை மடியில் செத்தாற்போல் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

“தங்கச்சி... கை... வருகுதில்ல...”

சொற்கள் குழறின. ஆனால் விளங்கின. அதற்கடுத்த சொல் இன்னும் நன்றாகவே விளங்கிற்று.

“அம்புலன்சுக்கு... அடியுங்கோ.”

உள்ளே சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். அவரைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் கிடத்திவிட்டு ஃபோனை எடுத்தேன். ஒன்று அழுத்தினேன். பூஜ்யம் அழுத்தினேன். எட்டை அழுத்தவில்லை.

ஏன்? விரல் ஏன் நின்றது? ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். எங்கே தங்கியிருக்கிறார், எத்தனை நாளாக, ஃபார்ம் எங்கே என்று கேட்பார்கள். போலீஸ் வரும். மாடியைப் பார்க்கும். என்னைப் பிடித்துக்கொண்டு போகும்... இத்தனையும் அந்த ஒரு கணத்தில் என் தலைக்குள் நடந்து முடிந்துவிட்டது. கட்டிலில் கிடந்தவர் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நானே எனக்குத் தெரிந்தேன்.

“அடிச்சிட்டேன் அண்ணே. வந்துட்டு இருக்காங்க” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நம்பினார்!

கீழே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஆம்... ஒரு மனிதர் மேலே கை கால் விழுந்து கிடக்க, நான் கீழே ஃபார்ம் நிரப்பினேன். வந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். பத்திரத்தை ஃபோட்டோ எடுத்தேன். பெரியதாக இருக்கிறது என்றது. சுருக்கினேன், தெளிவில்லை என்றது. ஃபோனுக்கு ஓடிபி எண் வந்தது, அடிப்பதற்குள் காலாவதியானது. கடைசியில் எல்லாம் ஏறி, ‘அலுவலகத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவும்’ என்று ஒரு வரி வந்து நின்றது. ஒப்புதல் வராமல் ஃபார்ம் பதிந்ததாகாது. மணி பதினொன்றே முக்கால்.

மேலே போனேன். விழித்திருந்தார். இடது கையால் வாசலைக் காட்டினார். எங்கே என்று கேட்கிறார்.

“ரயில்வே கேட்டு போட்டுருக்கானாம் அண்ணே... இந்தா வந்துருவாங்க.”

இதைச் சொன்ன வாய் இதுதான். இதே வாயால்தான் ஞாயிறுதோறும் பூசையில் நற்கருணை வாங்குகிறேன்.

அடுத்து எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லாட்ஜில் அவர் பேரில் அறை போட்டுவிட்டால்? லாட்ஜ்காரன் பதிந்துகொள்வான். அங்கே தங்கியிருந்தவர், என்னைப் பார்க்க வந்த இடத்தில் விழுந்துவிட்டார்... அவருடைய பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே கிடந்தார். கதவை வெளியே பூட்டினேன். ஆட்டோ பிடித்துப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன்.

வரவேற்பு மேசையில் இருந்தவன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான்.

“ஆளு எங்கக்கா?”

“வந்துட்டு இருக்காவ. சாவிய மட்டும் குடுங்க தம்பி.”

“பாரினருன்னா ஆளு நேர்ல வரணும்க்கா. போட்டோ எடுத்து ஒடனே ஏத்தணும். ஆளப் பாக்காம சாவி குடுத்தா எனக்கு வேல போயிரும்.” என் முகத்தைப் பார்த்தவன் குரலைத் தாழ்த்தினான். “ஏதும் பிரச்சனையாக்கா? வேர்த்து வடியுதே!”

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பையன் தன் பைக்கை எடுத்துக்கொண்டு என்னோடு ஓடி வந்திருப்பான். “ஒண்ணுமில்ல தம்பி” என்று பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு லாட்ஜுக்குப் போனேன். அங்கேயும் அதே பதில். மூன்றாவதுக்கும் போனேன்.

வீடு திரும்பியபோது இரண்டரை. பூட்டைத் திறந்தேன். வேட்டி நனைந்திருந்தது. வாயோரம் எச்சில். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்றார். வெறும் சத்தம்தான் வந்தது.

அப்போதுதான் எட்டை அழுத்தினேன். பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பத்தே நிமிடம்! எந்த ரயில்வே கேட்டும் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருத்தி. என் மகளைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“இவரக் கடைசியா எப்ப நல்லாப் பாத்தீங்க? நேரத்தைச் சரியாச் சொல்லுங்கம்மா. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு ஊசி இருக்கு, அடைப்பு கரையும். அதுக்கு மேல ஆயிட்டா போடக்கூடாது. மூளைல ரத்தம் கசிஞ்சிரும்.”

மணி மூன்றேகால். பத்தேகாலிலிருந்து ஐந்து மணி நேரம்.

“ரெண்டு மணிக்கு டாக்டர்.”

“நிச்சயமாவா?”

“நான்தான சோறு போட்டேன். நல்லாப் பேசிட்டு இருந்தாவ.”

ஊசி கிடைக்கட்டும், எப்படியாவது பிழைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்... இப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய்! உண்மையைச் சொன்னால் ‘ஐந்து மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய்?’ என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொன்னேன்.

அண்ணன் ஸ்ட்ரெச்சரில் என் பக்கத்திலேயே கிடந்தார். ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து இடது கையால் என் முந்தானையைப் பிடித்திருந்தார். ‘சோறு போட்டேன்’ என்று நான் சொன்னபோது அந்தக் கை முந்தானையை விட்டது. நழுவி விழவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவராகவே விட்டார். அவருக்குக் காது கேட்டது! எல்லாம் கேட்டது!

மறுநாள் காலையில் அந்த டாக்டர் சோர்ந்த முகத்தோடு வந்தாள். “ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. உயிருக்கு இப்போதைக்குப் பயம் இல்ல. பேச்சு... சொல்ல முடியாது. இந்த ஊசில சில பேருக்கு இப்படி ஆகும், நேரத்துக்குப் போட்டாலும்.”

நேரத்துக்குப் போட்டாலும்... கடலில் விழுந்தவள் மரக்கட்டையைப் பிடிப்பதுபோல அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் நேரத்துக்குப் போடவில்லையே! அது அவளுக்குத் தெரியாது. தன் கையால் போட்ட ஊசி என்று அந்தப் பெண் இன்னமும் வருந்திக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. அவள் பாவத்தையும் சேர்த்தல்லவா நான் சுமக்க வேண்டும்?

நான் பயந்த போலீஸும் வந்தது. ஒரே ஒருவர். நடுவயதுக்காரர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

“எத்தன நாளா ஒங்க வீட்ல இருக்காரும்மா?”

“ரெண்டு நாளா. ஊர் ஊராச் சுத்திட்டு இப்பதான் வந்தாவ. தெரிஞ்சவங்க.”

“ரெண்டு நாள்னாலும் ஃபாரம் போடணும்லா? இனிமே கவனமா இருங்க.” ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். “அவருக்கு ஒடம்பு தேவலையாகட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவுதானா? இதற்காகவா! என் மாடியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த வராந்தாவில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பார்த்தவர்கள் சொந்தக்காரருக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் நிரோஜா வந்து இறங்கினாள். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அன்ரி, நீங்கள் இல்லாட்டி அப்பா செத்திருப்பார். தனிய விழுந்து கிடந்திருப்பார்.”

கட்டிலில் இருந்து அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொடுத்தேன்! என்னைப் போல ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு மாதம் கழித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு மாடியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கணவர் வந்து கேட்டபோது, வாடகைக்காரர் சகவாசமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிரோஜா மாதம் ஒரு முறை பேசுவாள். வீடியோவில் அண்ணனைக் காட்டுவாள். நான் பேசுவேன். அவர் பார்ப்பார். முகத்தில் கோபமா, மறதியா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

போன வாரம் அவள் குரலில் பொங்கி வழிகிற மகிழ்ச்சி.

“அன்ரி, அப்பா இப்ப சொல்லுச் சொல்லாக் கதைக்கிறார்! தண்ணி எண்டுறார், என்ரை பேரைச் சொல்லுறார். மார்கழியில கூட்டிக்கொண்டு வாறன். அங்க கடலைப் பார்த்தா இன்னும் கதைப்பார் எண்டு டொக்டர் சொல்லுறா. மேல்வீடு சும்மாதானே கிடக்கு?”

“வாங்கம்மா. ஒங்க வீடுதான” என்றேன்.

“ஒரு விசயம்தான் அன்ரி விளங்கேல்ல. உங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்கிறார் இல்ல. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திடுவார்.”

நான் சிரித்து மழுப்பினேன். ஃபோனை வைத்ததும் செபமாலையை எடுத்தேன்.

அவருக்குப் பேச்சு முழுதாகத் திரும்ப வேண்டும் என்று இரண்டு வருடமாகச் செபமாலை சொல்லிவருகிறேன். சத்தியமாகச் சொல்லிவருகிறேன். ஒவ்வொரு மணிக்கும் அடியில் இன்னொரு வேண்டுதலும் ஓடிக்கொண்டிருந்தது என்பதை இப்போதுதான் கண்டுகொண்டேன்... அதை என் வாயால் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நேற்று மாடி அறைகளைக் கழுவிவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். மார்கழிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்தப் பெண் வந்து இறங்குவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

இன்றும் உட்கார்ந்தேன். இன்றும் அழுத்தவில்லை.