பூஜ்யம் காட்டிய ரத்தம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'மறுபடி அக்கா' என்று பெயர். எந்த முடிவு சற்றே உதைத்தாலும் "மறுபடி போடு" என்பாள். பதினெட்டு வருடமாக இதே பாட்டு. கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சலிப்புதான். ஆனாலும் தங்கள் வீட்டு ஆட்களுக்கு ரத்தம் எடுக்க அவளிடம்தான் கூட்டி வருவார்கள்.

புற்றுநோய்க் குறி பார்க்கும் இயந்திரம் புதிதாக வந்தபோது, சரிபார்க்கத் தன் ரத்தத்தையே வைத்தாள். உயிரணுக்களின் மேலே இருக்கும் புரதங்களில் சர்க்கரைத் துணுக்குகள் சங்கிலியாகத் தொங்கும். கணையத்தில் புற்று வந்தால் அவற்றில் சில உருமாறிப் பெருகி, ரத்தத்திலும் கலக்கும். இயந்திரம் அளப்பது அப்படி ஒரு சங்கிலியை. நல்ல உடம்பிலும் அது கொஞ்சம் இருக்கும். இவளுக்கோ பூஜ்யம். இரண்டாம் முறையும் பூஜ்யம். பழுது பார்க்க வந்தவர், இயந்திரத்தில் குற்றமில்லை என்று சத்தியம் செய்யாத குறை. கடைசியில் கூடத்தின் பெரிய டாக்டர்தான் விளக்கினார்.

"சில பேருக்குப் பிறவியிலேயே அந்தச் சர்க்கரையைக் கோக்க வராதும்மா. நூத்துல ஏழெட்டு பேர் அப்படி. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

வீட்டில் சொன்னபோது கணவர், "நீ ஏன் இனிப்பா பேச மாட்டேங்கறேன்னு இப்பத்தான் புரியுது" என்றார். ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து மஞ்சள் காமாலையோடு ஒரு பஸ் ஓட்டுநர் வந்தார். ஸ்கேனில் கணையம் லேசாக வீங்கியிருந்தது. வெறும் அழற்சியா, வேறா என்று தெரியவில்லை. அவர் ரத்தமும் பூஜ்யம் காட்டியது. திரும்பப் போட்டாள். அதேதான்.

ரிப்போர்ட்டில் பூஜ்யத்தைப் பார்த்ததும், கவுண்டரில் நின்ற அவர் மனைவிக்கு முகம் மலர்ந்தது. "அப்ப ஒண்ணுமில்லதானேம்மா?"

"டாக்டர் சொல்லட்டும்மா. கொஞ்சம் உக்காருங்க."

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள். ஓட்டுநருக்கு வைத்தியம் பார்த்த இளம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "குறைவாத்தான இருக்கு? நல்லதுதானே?" என்றார்.

"குறைவு இல்ல சார், சுத்தமா இல்ல. என் ரத்தமும் இப்படித்தான். இவரும் என்ன மாதிரின்னா, புத்து இருந்தாலும் இந்த டெஸ்ட் காட்டாது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க ரத்தத்த எதுக்கு டெஸ்ட் பண்ணீங்க?"

சொன்னாள். முழுதாகக் கேட்டுவிட்டு, உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். கணையத்தில் சுண்டுவிரல் நுனியளவு புற்றுக்கட்டி இருந்தது. வேறெங்கும் பரவவில்லை. ஏழு மணி நேரம் அறுவை சிகிச்சை நடந்தது.

அடுத்த வருடம் ஓட்டுநர் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். அவள் மாடி ஏறிய கதை அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

"வேலைக்குப் போறீங்களா?"

"போறேன். ஆனா வண்டியத் தர மாட்டேங்கறாங்க. டிப்போல உக்காந்து டைம் எழுதறேன். முதுகுதான் வலிக்குது."

"கைய நீட்டுங்க" என்றாள்.